தேடு, மாற்று, சரிபார்: பழைய கோப்புகளுக்கு ஒரு சிறு நிரல்



இம்மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்டது கணினி பற்றிய விடயம். கணினி என்றதும் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டாம். இது பொறியியலாளர்களுக்கான பேச்சு அல்ல. வீட்டில் ஒரு பழைய கணினியும், அதற்குள் தமிழில் தட்டச்சுச் செய்த கோப்புகளும் வைத்திருக்கும் எல்லாருக்குமான பேச்சு. ரண்டர்ஸிலும் சுற்றுப்புறத்திலும் அப்படி ஒரு கணினி இல்லாத தமிழ் வீடு குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

எண்பதுகளில் நாம் டென்மார்க்குக்கு வரத் தொடங்கினோம். தொண்ணூறுகளில் கணினி வாங்கினோம். வாங்கியவுடன் என்ன செய்தோம்? எழுதினோம். ஊர் ஒன்றியத்தின் அங்கத்தவர் பட்டியல், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் வினாத்தாள், கலைவிழா நாடகம், ஊரின் வரலாறு, அப்பாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர். அவற்றில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டது. இன்று அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் தெரிவதில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு கிறுக்கல்தான் தெரிகிறது. பிள்ளைகள் பார்த்துவிட்டு, "அம்மா, இந்தக் கோப்பு பழுதாகிவிட்டது, அழித்துவிடவா?" என்று கேட்கிறார்கள். அது பழுதாகவில்லை. அழிக்கவேண்டாம். அதைத் தமிழாக்கும் வழியைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அந்த வழியின் பெயர் தேடி மாற்றுதல். ஒரு கோப்பில் ஒரு சொல்லோ இலக்கமோ எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது. நோட்பாடிலும் வேர்டிலும் கையால் செய்யலாம். ஒரு கோப்பு, ஒரு சொல் என்றால் அது போதும். ஐம்பது கோப்பு, முந்நூறு சொல் என்றால் கை களைத்துவிடும். களைத்த கை தவறவிடும். அப்போது ஒரு சிறு நிரல் எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்கிரிப்ட் என்று சொல்வார்கள்.

நம்முடைய ரண்டர்ஸ் கையுறைக்குப் பேர்போன ஊர். கையுறை வெட்டுபவர் ஒவ்வொரு தோலுக்கும் புதிதாக அளவெடுப்பதில்லை. ஒரு அச்சு செய்து வைத்துக்கொண்டு தோலை அதன்மேல் வைத்து வெட்டுகிறார். அச்சு சரியென்றால் ஆயிரம் கையுறையும் சரி. அச்சு பிழையென்றால் ஆயிரமும் பிழை. நிரலும் அப்படித்தான். ஆகவே அச்சை எப்படி வெட்டுவது என்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

எந்த மொழியில் எழுதுவது? 1991இல் நெதர்லாந்துக்காரரான கீடோ வான் ரோசம் வெளியிட்ட பைதன் என்ற மொழியைத் தொடக்கக்காரருக்குச் சிபாரிசு செய்கிறேன். இலவசம், வின்டோஸ், மக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும், சாதாரணப் பேச்சுக்குக் கிட்டத்தட்ட இருக்கும். இந்தத் துறையில் டென்மார்க்குக்கும் பங்குண்டு. சி பிளஸ் பிளஸ் மொழியை உருவாக்கிய பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரூப் 1950இல் பக்கத்து ஓகூஸில் பிறந்தவர். இணையத்தளங்களுக்கான பிஎச்பி மொழியைத் தொடங்கிய ராஸ்மூஸ் லேர்டோர்ஃப் 1968இல் கிரீன்லாந்தில் பிறந்தவர். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, முதற் பயிற்சி. ஒரு முகவரிப் பட்டியலை எடுத்துக்கொள்வோம்.

ஓகூஸ் என்ற பெயரை டெனிஷில் இரண்டு விதமாக எழுதலாம். தலையில் வட்டம் போட்ட ஒற்றை எழுத்தில் தொடங்கலாம். அல்லது இரண்டு ஏ எழுத்துகளைச் சேர்த்துத் தொடங்கலாம். 1948இல் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் வட்டம் போட்ட எழுத்து டெனிஷுக்கு வந்தது. 2011 ஜனவரி முதலாம் திகதி ஓகூஸ் கொம்யூன் மீண்டும் இரட்டை ஏக்கு மாறியது. அதற்கு முன் செய்த பட்டியல்களில் வட்ட எழுத்தே இருக்கும். அதை மாற்றுவதுதான் வேலை.

நிரல் ஐந்தே காரியம் செய்யும். ஒன்று, பழைய பட்டியல் கோப்பைத் திற. இரண்டு, அதிலுள்ளதை முழுவதும் வாசித்து ஞாபகத்தில் வைத்துக்கொள். மூன்று, வட்ட எழுத்து ஓகூஸ் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணித் திரையில் காட்டு. நான்கு, அத்தனை இடத்திலும் இரட்டை ஏ ஓகூஸை வை. ஐந்து, மாற்றியதை வேறொரு பெயருள்ள புதிய கோப்பில் எழுது. பைதனில் ஒவ்வொன்றும் ஒரு வரி. ஐந்து வரியில் நிரல் முடிந்தது.

ஐந்தாவது காரியத்தைக் கவனித்தீர்களா? வேறொரு பெயருள்ள புதிய கோப்பில். பழைய கோப்பின்மேல் எழுதக்கூடாது. இது இந்த உரையின் முதலாவது விதி: மூலத்தைத் தொடாதே. நிரல் எத்தனை தடவை பிழைத்தாலும் மூலம் இருந்தால் மறுபடி தொடங்கலாம். மூலம் போனால் போனதுதான்.

மூன்றாவது காரியத்தையும் கவனியுங்கள். எண்ணிக்கை. பட்டியலில் நாற்பது ஓகூஸ் குடும்பம் இருப்பது உங்களுக்குத் தெரியும். நிரல் நாற்பது என்று சொன்னால் நிம்மதி. பூச்சியம் என்று சொன்னால் கோப்பு வாசிக்கப்பட்ட முறை பிழை. நாற்பத்தைந்து என்று சொன்னால் நீங்கள் நினைக்காத ஐந்து இடத்தில் அந்தச் சொல் இருக்கிறது. அந்த ஐந்தும் என்னவென்று பார்க்காமல் மேலே போகக்கூடாது. ஒருவேளை அது "ஓகூஸ் அம்ட்" ஆக இருக்கலாம். 2006 முடியும்வரை ரண்டர்ஸ் அந்த அம்டுக்குள்தான் இருந்தது. 2007 ஜனவரி முதலாம் திகதி அம்டுகள் ஒழிந்து பிராந்தியங்கள் வந்தன. 271 கொம்யூன்கள் 98 ஆகின. லாங்கோ, நோர்ஹால்ட், பூர்ஹூஸ் எல்லாம் ரண்டர்ஸோடு சேர்ந்தன. ஒழிந்துபோன அம்டின் பெயர் அது இருந்த காலத்து எழுத்திலேயே இருக்கட்டும். பழைய ஆவணத்தில் பெயரைப் புதுப்பிப்பது திருத்தம் ஆகாது.

பூச்சியம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கணினிக்கு எழுத்து என்பது ஒரு இலக்கம். எந்த எழுத்துக்கு எந்த இலக்கம் என்ற அட்டவணை காலத்துக்குக் காலம் மாறியது. பழைய வின்டோஸ் கோப்பில் வட்ட எழுத்து ஒரே இலக்கமாக இருக்கும். இன்று வழக்கத்திலுள்ள யுடிஎஃப் எட்டு முறையில் அது இரண்டு இலக்கமாக இருக்கும். பழைய கோப்பைப் புதிய முறையில் திறந்தால் டெனிஷின் மூன்று சிறப்பு எழுத்துகளும் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ மாறிவிடும். தேடும் சொல் கிடைக்காது. ஆகவே கோப்பைத் திறக்கும் வரியிலேயே எந்த முறையில் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எழுதும்போது எப்போதும் யுடிஎஃப் எட்டு.

இனி இதே பட்டியலில் கொஞ்சம் கடினமான வேலை. பழைய பட்டியல்களில் ரண்டர்ஸ் என்றால் 8900 என்று மட்டும் இருக்கும். இன்று 8900 நகர மையத்துக்கு உரியது. வடமேற்கு 8920, வடகிழக்கு 8930, தென்மேற்கு 8940, தென்கிழக்கு 8960. ஒன்று ஐந்தாகிவிட்டது. "8900 என்பதை 8920 ஆக்கு" என்று நிரலுக்குச் சொன்னால் அது மறுபேச்சில்லாமல் எல்லாரையும் வடமேற்கில் குடியேற்றிவிடும். அதுமட்டுமல்ல, யாருடைய தொலைபேசி இலக்கத்தின் நடுவிலாவது 8900 வந்தால் அதையும் மாற்றிவிடும். நிரலுக்கு அஞ்சல் இலக்கமும் தெரியாது, தொலைபேசியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது நான்கு இலக்கங்கள் அடுத்தடுத்து நிற்பது மட்டும்.

இதற்கு இரண்டு பரிகாரம். தேடும் சொல்லை நீட்டுங்கள்: 8900, ஒரு இடைவெளி, ரண்டர்ஸ் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் மட்டும் பார் என்று சொல்லுங்கள். தொலைபேசி தப்பிவிடும். அடுத்தது, தெருப் பெயரையும் அதற்குரிய புதிய இலக்கத்தையும் ஒரு தனிக் கோப்பில் எழுதிக் கொடுங்கள். தெரு அந்தக் கோப்பில் இருந்தால் மாற்றட்டும். இல்லாவிட்டால் மாற்றாமல், அந்த வரியைத் திரையில் காட்டி உங்களிடம் விடட்டும். தெரியாத இடத்தில் நின்று கேட்கும் நிரல்தான் நல்ல நிரல்.

இப்போது நாம் வந்த காரியத்துக்கு வருவோம். பாமினி.

பாமினி எழுத்துருவில் நடந்தது ஒரு தந்திரம். அந்தக் காலக் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ஆங்கில எழுத்தின் இலக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, திரையில் தெரியும் படத்தை மட்டும் தமிழாக வரைந்தார்கள். ஜே என்ற எழுத்துக்குத் 'த' படம், கே என்பதற்கு 'ம', பீ என்பதற்கு 'ி' என்ற விசிறி, ஓ என்பதற்கு 'ழ', அரைப்புள்ளிக்குப் புள்ளி. ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் 'தமிழ்' என்று தெரிந்தது. ஆனால் கோப்புக்குள் இருந்தது ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளிதான். எழுத்துரு இருக்கும்வரை தமிழ். எழுத்துரு போனால் கிறுக்கல்.

யுனிகோட் அப்படியல்ல. 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்கென்று சொந்த இலக்கங்கள் கொடுக்கப்பட்டன. வின்டோஸ் 2000 வந்தபோது சாதாரண வீட்டுக் கணினியிலும் அது வேலை செய்யத் தொடங்கியது. இன்று கைபேசியில் நீங்கள் பேரப்பிள்ளைக்கு எழுதும் தமிழ் யுனிகோட். தேடினால் கிடைப்பதும் யுனிகோட். பாமினியில் இருக்கும் ஊர் வரலாற்றை உலகத்தில் எந்தத் தேடுபொறியில் தேடினாலும் கிடைக்காது. தேடிக் கிடைக்காதது பிள்ளைகளைப் பொறுத்தவரை இல்லாததுதான்.

ஆகவே வேலை என்ன? பாமினியில் ஒரு துண்டு, யுனிகோட்டில் அதற்குரிய எழுத்து என்று ஒரு அட்டவணை செய்து, கோப்பு முழுவதும் தேடி மாற்றுவது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. வழியில் ஐந்து பள்ளங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அச்சில் படிப்பவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதற் பள்ளம், வரிசை. 'கோ' என்ற எழுத்தைப் பாமினியில் பெரிய என், சிறிய எஃப், சிறிய எச் என்று மூன்று தட்டில் எழுதினோம். என் இரட்டைக்கொம்பு, எஃப் 'க', எச் அரவு. யுனிகோட்டிலோ முதலில் மெய் வரவேண்டும், பிறகுதான் உயிர்க்குறி. தனித்தனியாக மாற்றினால் கொம்பு முன்னால் அநாதையாக நிற்கும்; எழுத்து சேராது. ஆகவே அட்டவணையில் 'கோ' முழுவதையும் ஒரே துண்டாகப் போடவேண்டும். 'கே' இரண்டு தட்டு, 'க' ஒரு தட்டு. எப்போதும் நீளமான துண்டை முதலில் பார்க்க வேண்டும். 'க'வை முதலில் மாற்றிவிட்டால் 'கோ' என்ற துண்டு பிறகு எங்கும் கிடைக்காது.

இரண்டாம் பள்ளம், சங்கிலி. பாமினியில் காற்புள்ளித் தட்டு 'இ' எழுத்துக்குப் போய்விட்டது. உண்மையான காற்புள்ளிக்கு, 'பெரியது' என்று கணிதத்தில் போடும் குறியைத் தட்டினோம். இப்போது பாருங்கள். நிரல் முதலில் பெரியது குறியைக் காற்புள்ளியாக மாற்றுகிறது. அடுத்து, காற்புள்ளியை 'இ' ஆக மாற்றுகிறது. விளைவு என்ன? கட்டுரையில் நிறுத்தம் இருந்த இடமெல்லாம் 'இ'! ஒன்றை மாற்றிக் கிடைத்ததையே இன்னொரு விதி மறுபடி பிடித்து மாற்றிவிட்டது. வரிசையை மாற்றி வைத்தால் இந்த ஒன்று சரிவரும். ஆனால் அட்டவணை நீள நீள எந்த விதி எதைக் கடிக்கும் என்று கணக்கு வைக்க முடியாது.

இரண்டு பள்ளத்துக்கும் ஒரே பாலம் உண்டு. கோப்பை முந்நூறு தடவை தேடுவதை விட்டுவிட்டு, ஒரே தடவை இடமிருந்து வலமாக நடக்கவேண்டும். அட்டவணையைப் பைதனில் அகராதி என்ற வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரே அதுதான். பிறகு நிரலுக்கு இப்படிச் சொல்லுங்கள்: முதல் எழுத்தில் நில். அங்கிருந்து நான்கு எழுத்தை எடுத்து அகராதியில் பார். இருந்தால் தமிழை எழுதிவிட்டு நான்கு எழுத்து தாண்டிப் போ. இல்லையா, மூன்று எழுத்தைப் பார். பிறகு இரண்டு. பிறகு ஒன்று. ஒன்றும் இல்லையென்றால் அந்த எழுத்தை அப்படியே எழுதிவிட்டு ஒரு அடி வை. கோப்பு முடியும்வரை இதையே செய். இது ஏறக்குறைய இருபது வரி. மாற்றிய எழுத்தை நிரல் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆகவே சங்கிலி அறுந்துவிடும். நீளமானதை முதலில் பார்ப்பதால் 'கோ'வும் சேர்ந்துவிடும்.

மூன்றாம் பள்ளம், ஔகாரம். இதுதான் ஆபத்தானது. 'வௌ' என்ற எழுத்தில் பின்னால் நிற்கும் குறியும் 'ள' என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்று. பாமினியில் இரண்டுக்கும் ஒரே தட்டு, சிறிய எஸ். கொம்பு, வ, எஸ் என்று வந்தால் அது 'வௌ'வா, 'வெள'வா? அட்டவணையில் 'வௌ' என்று மட்டும் போட்டால், 'வெளிநாடு' என்ற சொல் 'வௌ'வும் அதன்மேல் விசிறியுமாகிவிடும். 'தெளிவு' அப்படியே. திரையில் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 'வெளிநாடு' என்று தேடினால் கிடைக்காது. பல தமிழ்த் தளங்களில் இந்தப் பிழை இன்றும் கிடக்கிறது.

இதற்கும் நீளமான துண்டே மருந்து. எஸ்ஸுக்குப் பின்னால் விசிறியோ, அரவோ, புள்ளியோ வந்தால் அது நிச்சயமாக 'ள'தான். ஔகாரத்தின்மேல் இன்னொரு குறி ஏறாது. ஆகவே 'வெளி', 'வெளீ', 'வெளா', 'வெள்' என்ற நான்கையும் நான்கு எழுத்துத் துண்டாக அகராதியில் சேருங்கள். ஒவ்வொரு மெய்க்கும் இந்த நான்கு. நிரல் நான்கு எழுத்தை முதலில் பார்ப்பதால் 'வெளிநாடு' தப்பிவிடும். 'கௌரவ'மும் 'மௌன'மும் மூன்றெழுத்துத் துண்டில் சரியாக வந்துவிடும். பதினெட்டு மெய்க்கும் கையால் எழுத அலுப்பாக இருந்தால், மெய்களின் பட்டியலைக் கொடுத்து நிரலையே அகராதியை நிரப்பச் சொல்லலாம்.

நான்காம் பள்ளம், டெனிஷ் சொற்கள். நம் எழுத்தில் தமிழும் டெனிஷும் கலந்து வரும். தெருப் பெயர், பாடசாலைப் பெயர், ஊர்ப் பெயர். நிரலுக்கு எது பாமினி, எது டெனிஷ் என்று தெரியாது. ரோமன் எழுத்தில் எழுதிய ரண்டர்ஸ் என்ற பெயரைப் பாமினி என்று நினைத்து மாற்றினால் என்ன வரும் தெரியுமா? 'சுயனெநசள'. நாம் வாழும் ஊர் அப்படி ஆகிவிடும்.

வேர்ட் கோப்பில் எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற தகவல் இருக்கிறது. வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் அது போய்விடும். ஆகவே சேமிப்பதற்கு முன், வேர்டிலேயே ஒரு தேடி மாற்றுதல் செய்யவேண்டும். தேடும் பெட்டியை வெறுமையாக விட்டு, எழுத்துரு 'டைம்ஸ் நியூ ரோமன்' அல்லது நீங்கள் டெனிஷுக்குப் பாவித்தது எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். மாற்றும் பெட்டியில் முன்னும் பின்னும் ஒரு காவற்குறி போட்டு, நடுவில் 'கண்டதை அப்படியே வை' என்பதற்கான குறியைப் போடுங்கள். கூரைக் குறியும் அதையடுத்து அன்ட் குறியும் சேர்ந்ததுதான் அது.

காவற்குறி எதுவாக இருக்கலாம்? சதுர அடைப்புக்குறி கூடாது. பாமினியில் அது 'ஜ', 'ஸ' ஆகிவிடும். விசைப்பலகையில் ஏறக்குறைய எல்லாக் குறியையும் பாமினி எடுத்துக்கொண்டது. ஆகவே யுனிகோட் ஆய்த எழுத்தை மூன்று தடவை போடுங்கள். பாமினிக் கோப்பில் யுனிகோட் ஆய்தம் வர வழியே இல்லை. நிரல் கோப்பை அந்த மூன்று ஆய்தத்தில் வெட்டட்டும். முதலாம், மூன்றாம், ஐந்தாம் துண்டுகள் தமிழ், மாற்றட்டும். இரண்டாம், நான்காம் துண்டுகள் டெனிஷ், விட்டுவிடட்டும். மொத்தத் துண்டுகள் எப்போதும் ஒற்றை எண்ணாக வரவேண்டும். இரட்டையாக வந்தால் எங்கோ ஒரு காவலாளி இல்லை. நிரல் அங்கேயே நிற்கட்டும்.

ஐந்தாம் பள்ளம், திகதி. சாய்கோடு பாமினியில் ஆய்தம். ஆகவே நாள், மாதம், ஆண்டை இடையில் சாய்கோடு போட்டுப் பிரித்து எழுதியவை '12ஃ5ஃ1998' என்று மாறிவிடும். இணைய முகவரிகளும் அப்படியே. ஒரு விதி சேருங்கள்: சாய்கோட்டுக்கு இருபுறமும் இலக்கம் இருந்தால் அதைத் தொடாதே. இணைய முகவரியையும் டெனிஷ் சொல்லைப் போலக் காவற்குறிக்குள் வையுங்கள். நினைவு மலரில் திகதி எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாற்றி முடித்தாயிற்று. இனிச் சரிபார்த்தல். இதற்கும் நிரலே உதவும். பழைய கோப்பிலும் புதிய கோப்பிலும் வரிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். தமிழ்ப் பகுதியில் ரோமன் எழுத்து ஏதும் மிஞ்சியிருந்தால் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு குறி வந்திருந்தால் காட்டச் சொல்லுங்கள். சொல்லின் தொடக்கத்தில் ஒரு கொம்போ அரவோ தனியே நின்றால் காட்டச் சொல்லுங்கள். இந்த நான்கிலும் ஒன்றும் அகப்படாவிட்டால் வேலையில் பெரும்பகுதி சரி.

மிச்சத்தை மனிதர்தான் பார்க்கவேண்டும், முக்கியமாக மனிதரின் பெயர்களை. ஒரு கட்டுரையில் ஒரு வினைச்சொல் பிழைத்தால் வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார். ஒரு பெயர் பிழைத்தால் ஊகிக்க முடியாது. அந்தப் பெயருக்குரியவர் உயிரோடு இல்லையென்றால் திருத்தித்தரவும் ஆள் இல்லை. ஆகவே பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்து, பழைய அச்சுப் பிரதியோடு ஒப்பிடுங்கள்.

நேயர்களில் சிலர் கேட்கலாம்: இதையெல்லாம் செய்யும் மாற்றிகள் ஏற்கெனவே இருக்கின்றனவே? ஆம், இருக்கின்றன. ஜேர்மனியில் வாழ்ந்தபடி சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றி புலம்பெயர்ந்த தமிழருக்குப் பெரிய உபகாரம் செய்தது. பைதனுக்கென்றே ஓப்பன் தமிழ் என்ற திறந்த தொகுதி இருக்கிறது. பாமினி அட்டவணையும் அதில் உண்டு. அவற்றைத் தாராளமாகப் பாவியுங்கள். ஒரு பக்கக் கட்டுரைக்கு அதுவே போதும். ஆனால் உங்கள் கோப்பில் எது டெனிஷ், எது தமிழ் என்று அந்த மாற்றிக்குத் தெரியாது. இன்னொன்று, அங்கத்தவர் பட்டியலில் பெயரும் முகவரியும் தொலைபேசியும் இருக்கின்றன. 2018 மே 25 முதல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சங்கங்களுக்கும் பொருந்துகிறது. பிறர் விபரத்தை முன்பின் தெரியாத இணையத்தளத்தில் ஒட்டிப் பார்ப்பது சரியல்ல. வீட்டுக் கணினியில் ஓடும் நிரலில் அந்தக் கவலை இல்லை.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்த தொண்டர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து அனுப்பினார்கள். அவை முதலில் அன்றைய எழுத்து முறைகளில் வெளிவந்து, பிறகு யுனிகோட்டுக்கு மாறின. மாற்றியிராவிட்டால் அந்த உழைப்பும் இன்று கிறுக்கலாகத்தான் தெரியும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழரின் நூல்களையும் சஞ்சிகைகளையும் சேர்த்து வைக்கிறது. நாம் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை மறக்காத சமூகம். அன்று எரிந்தவற்றை மீட்க நம்மால் முடியவில்லை. நம்முடைய மேசையின் கீழே கிடக்கும் கணினியில் உள்ளதை மீட்க முடியும். அதற்கு வேண்டியது இருபது வரி நிரலும் சில மாலை நேரங்களும்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பழைய கணினியைக் கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோவதற்கு முன், அதிலுள்ள தமிழ்க் கோப்புகளை எல்லாம் ஒரு நினைவுக் குச்சியில் பிரதி எடுங்கள். பாமினி எழுத்துருக் கோப்பையும் கூடவே எடுங்கள். சரிபார்க்க அது வேண்டும். பழைய இறுவட்டுகளையும் நெகிழ்வட்டுகளையும் வைத்திருப்பவர்கள் பிந்தவேண்டாம். அவை காலத்தோடு பழுதாகும்; வாசிக்கும் கருவியும் அரிதாகிவருகிறது.

பிறகு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துங்கள். பிள்ளைக்கு நிரல் எழுதத் தெரியும், அல்லது ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் 'வெளி' என்ற சொல் சரியா, அந்தப் பெயரில் வருவது 'ள'வா 'ழ'வா, அந்தக் குறிச்சி எந்த ஊரில் இருந்தது என்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே இந்த வேலை நடக்கவேண்டும். நிரலை அடுத்த வருடமும் எழுதலாம். பெயரைச் சரிபார்க்க அடுத்த வருடம் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.